புத்தகத்தில் இல்லாத சொல்

"கையெழுத்துப் போடாதே!"

சித்தி வாசலிலிருந்தே கத்தியதில் ஸ்பேனர் அக்காவின் கையிலிருந்த பேனா நழுவி மேஜைக்கடியில் உருண்டது. குனியப் போன மேனேஜரை முந்திக்கொண்டு நான் அதை எடுத்து என் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். நல்ல பேனா. திருப்பித் தரும் உத்தேசம் எனக்கு இல்லை.

"யாருங்க நீங்க?" என்றார் மேனேஜர்.

"துப்பறியும் நிறுவனம். இவங்க முதலாளி, நான் மிச்சம்," என்றேன்.

சித்தி என் அம்மாவின் தங்கை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விபத்து நடந்த இடங்களைப் போய்ப் பார்த்து ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருந்தவர். மேலதிகாரிக்குப் பிடிக்காத உண்மை ஒன்றை எழுதப் போய், வேலையை உதறிவிட்டுச் சொந்தமாகத் துப்பறிய ஆரம்பித்துவிட்டார். நான் தொட்ட தொழிலிலெல்லாம் மண்ணைக் கவ்வியவன். ஆபீஸ் நேரத்தில் மேடம் என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது என்னைச் சேர்த்துக்கொண்டபோது அவர் போட்ட ஒரே நிபந்தனை. அதை நான் அன்றுவரை காப்பாற்றியதில்லை.

"சித்தி, உட்காருங்க," என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன். முறைத்துக்கொண்டே உட்கார்ந்தார்.

அது பழைய அட்டைப் பெட்டிகளை வாங்கி, அமுக்கி, கட்டுக்கட்டாகக் கட்டி அனுப்பும் தொழிற்சாலை. அமுக்குவதற்கு ஒரு ராட்சத மெஷின். அதற்கு மெக்கானிக் ஸ்பேனர் அக்கா. அதை ஓட்டுபவன் அவர் கூடப் பிறந்த தம்பி. முந்தாநாள் அந்த மெஷினின் இரும்புப் பிளேட் தம்பியின் வலது கையின் மேல் இறங்கிவிட்டது. கரண்டை நிறுத்தாமல் அக்கா லீவரைத் தள்ளியதுதான் காரணம் என்கிறது கம்பெனி. சாயங்காலம் போலீஸ் இன்ஸ்பெக்டர் வருகிறார். மேஜை மேல் கிடந்த காகிதத்தில் 'என் கவனக்குறைவால்' என்று ஆரம்பித்து நாலைந்து வரி டைப் அடித்திருந்தது.

"காலையில போன்ல அப்படி அழுதே. இப்ப நீயே கையெழுத்துப் போடப் போறியே, ஏன்?" என்றார் சித்தி.

ஸ்பேனர் அக்கா தன் எண்ணெய்க் கறை படிந்த விரல்களைப் பார்த்தபடி சொன்னார். "போட்டா தம்பிக்குப் பெரிய ஆஸ்பத்திரியில ஆபரேஷன் பண்றதா முதலாளி சொல்லியிருக்காராம். கையை எடுக்காமக் காப்பாத்திடலாமாம். நான் உள்ள போனா என்னம்மா? அவன் கை இருக்கட்டும்."

"கரண்டை நிறுத்தினியா, இல்லையா?"

"நிறுத்தினேம்மா! சிவப்பு சுவிட்சை நான்தான் இறக்கினேன். பச்சை லைட் அணைஞ்சுது. அதுக்கப்புறம்தான் அவன் கையை உள்ள விட்டான். அட்டை சிக்கியிருந்துது. புக்குல போட்டிருக்கிற மாதிரி நான் லீவரை மேல தள்ளினேன். என் கையாலதான் தள்ளினேன்..." அந்தக் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார்.

"கரண்ட் இல்லாம பிளேட் எப்படிங்க இறங்கும்? பேய் வந்து அமுக்குச்சா?"

மூலையிலிருந்து ஒரு குரல். மெஷினை விற்ற கம்பெனியின் பிரதிநிதியாம். சட்டைக் கையில் இருந்த மடிப்பில் காய்கறி நறுக்கலாம். அந்த நொடியே நான் அவருக்கு இஸ்திரி என்று பெயர் வைத்துவிட்டேன்.

அலறல் கேட்டதும் ஓடி வந்தவர்கள் கண்ணில் பட்ட சுவிட்சையெல்லாம் அணைத்திருக்கிறார்கள். எது முன்னால் நின்றது, எது பின்னால் நின்றது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. தம்பியோ மயக்க ஊசியில் கிடக்கிறான். தம்பியின் மனைவி ஸ்பேனர் அக்காவை ஆஸ்பத்திரி வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டாளாம்.

"மெஷினோட புத்தகம் இருக்கா?" என்றார் சித்தி.

மேனேஜர் கொண்டுவந்து போட்டார். இயக்கக் கையேடு என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. சித்தி அதைப் பின்னாலிருந்து திறந்தார். அவர் எதையும் அப்படித்தான் படிப்பார். கல்யாணப் பத்திரிகையைக் கூட அச்சகத்தின் பெயரிலிருந்து ஆரம்பிக்கிற பிறவி.

கடைசிப் பக்கங்களில் சொல் விளக்கம் இருந்தது. உள்ளே வரும் புரியாத வார்த்தைகளுக்கு அர்த்தம் சொல்லும் பகுதி. சித்தி படிக்கப் படிக்க அவர் உதடு மெல்ல விரிந்தது.

"இதைக் கேளுடா. புத்தகத்துக்குள்ள என்ன போட்டிருக்கு? 'மின்னூட்டத் துண்டிப்பு நிறைவுற்ற பின்னர் நெம்புகோலை மேல்நோக்கி நகர்த்திச் சிக்கிய பொருளை அகற்றுக.'"

"இதைப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள சிக்கினது தானா மக்கிப்போயிடும் சித்தி."

"பின்னாடி என்ன போட்டிருக்கு? 'நெம்புகோல்: பிளேட்டை ஏற்றி இறக்கும் பிடி. வேலை செய்யும் இடத்தில் எல்லோரும் லீவர் என்பார்கள். நீங்களும் அப்படியே சொல்லலாம்.' இன்னொண்ணு. 'விடுப்பு வால்வு: அடைபட்ட எண்ணெயை வெளியே விடும் சின்னச் சக்கரம். வீட்டுத் தண்ணீர்க் குழாயை எந்தப் பக்கம் திருகினால் திறக்குமோ, அதே பக்கம்.' முன்னாடி எழுதினது யாரோ ஒரு கல்தூண். பின்னாடி எழுதினது ஒரு மனுஷப் பிறவி."

பிறகு எனக்கு வேலை வைத்தார். பின்னால் இருக்கும் ஒவ்வொரு வார்த்தையும் முன்னால் எங்கே வருகிறது என்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். மேனேஜர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இஸ்திரி காலை ஆட்டிக்கொண்டிருந்தார். ஸ்பேனர் அக்கா அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வேகமாகப் பக்கங்களைப் புரட்டினேன். நெம்புகோல் இருந்தது. விடுப்பு வால்வு படத்தில் இருந்தது. மற்றதெல்லாம் எங்கோ ஓரிடத்தில் வந்தது, ஒன்றே ஒன்றைத் தவிர.

"தேங்கழுத்தம்," என்றேன். "தேங்காயா, கழுத்தான்னு தெரியல. ஆனா உள்ள எங்கயும் இல்ல."

"நல்லாப் பார்த்தியா?"

"அட்டையைக் கிழிச்சுப் பார்க்காததுதான் பாக்கி."

சித்தி அந்த விளக்கத்தை வாய்விட்டுப் படித்தார். "தேங்கழுத்தம்: மின்சாரத்தை நிறுத்திய பிறகும் எண்ணெய்க் கலனுக்குள் தேங்கி நிற்கும் அழுத்தம். அடுப்பை அணைத்தாலும் குக்கர் மூடியை உடனே திறக்க மாட்டோம் அல்லவா, அதே காரணம்."

ஸ்பேனர் அக்கா மெதுவாகத் தலையைத் தூக்கினார்.

"இது அகராதி இல்லடா," என்றார் சித்தி. "அகராதியில ஊருல இருக்கிற எல்லா வார்த்தையும் இருக்கும். இங்க, உள்ளே வர்ற வார்த்தைக்கு மட்டும்தான் இடம். உள்ளே இல்லாத வார்த்தை பின்னாடி எப்படி வந்து உட்கார்ந்துது?"

"டிக்கெட் வாங்காம ஏறியிருக்குமோ?"

"டிக்கெட் இருக்கு. பஸ்ஸைத்தான் காணோம். இந்த வார்த்தை வர்ற பக்கத்தை யாரோ எடுத்திருக்காங்க."

இஸ்திரியின் கால் ஆட்டம் நின்றது. ஆனால் மனிதர் கெட்டிக்காரர். ஒரு நொடியில் சிரித்துவிட்டார். "அடடா, அதுவா? அது எங்க வேற மாடலுக்கு உள்ளதுங்க. அச்சடிச்சவங்க பழைய புத்தகத்துலேர்ந்து தெரியாம ஒட்டிட்டாங்க. இந்த மெஷின்ல அந்த சமாசாரமே கிடையாது. சுவிட்சை நிறுத்தினா வெறும் இரும்பு. யாரை வேணா கேளுங்க."

ஸ்பேனர் அக்காவின் முகத்தில் வந்த வெளிச்சம் அப்படியே அணைந்தது. மேனேஜர் இழுப்பறையைத் திறந்து இன்னொரு பேனாவை எடுத்து வைத்தார்.

"அச்சடிச்சவங்களையே கேட்டுடறோம்," என்று சித்தி எழுந்தார். "நான் வர்ற வரைக்கும் நீ பேனாவைத் தொடக் கூடாது. தொட்டா இந்தப் பயலை விட்டு உன் கையைக் கட்டிப் போடுவேன்."

நாங்கள் வாசலைத் தாண்டுவதற்குள் இஸ்திரி போனைக் காதில் வைத்துவிட்டார்.

*

பின்னட்டையில் புத்தகத்தைத் தயாரித்தவர்கள் என்று போட்டிருந்த விலாசம், டயர் கடை ஒன்றின் மாடிக்கு எங்களைக் கொண்டுபோய் விட்டது. படியெல்லாம் ரப்பர் நாற்றம். மேலே ஒரே அறை. மூன்று கம்ப்யூட்டர், மூன்று பேர், ஒரு சொட்டைத் தலை முதலாளி.

நாங்கள் வாயைத் திறக்கும் முன்பே முதலாளி பதில் சொன்னார். "அந்தக் கையேட்டுல சொல் விளக்கம் எழுதினவர் வேலையை விட்டுப் போய் ரொம்ப நாளாச்சு. விலாசம் தெரியாது."

"நான் இன்னும் கேட்கவே இல்லையே," என்றார் சித்தி.

சொட்டைத் தலை வியர்த்தது. போன் எங்களுக்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டது. நான் மூன்று பேரையும் பார்த்தேன். மூவரும் திரைக்குள் விழுந்துவிடுவது போல வேலை பார்த்தார்கள். அதட்டினால் ஒருவரும் வாயைத் திறக்கப் போவதில்லை. பொழுதோ ஓடிக்கொண்டிருந்தது.

சித்தி பெருமூச்சு விட்டார். "சரி, போகட்டும். குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க. ஏங்க, நீங்கல்லாம் மெஷின் புத்தகம் எழுதுறவங்கதானே? எங்க வீட்டுல அடிக்கடி ஃபியூஸ் போயிடுது. எனக்கு ஒண்ணும் புரியல. ஃபியூஸ்னா என்னங்க?"

நான் சித்தியைப் பார்த்தேன். ஃபியூஸைப் பிரித்துக் கழுவிக் காய வைக்கத் தெரிந்த பெண்மணி அவர்.

முதல் மேஜைக்காரர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "மிகை மின்னோட்டத்தின்போது சுற்றைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சாதனம்."

இரண்டாவது மேஜைக்காரர், "எலக்ட்ரீஷியனைக் கேளுங்க மேடம்," என்றார்.

மூன்றாவது மேஜையில் கண்ணாடி போட்ட ஒரு அம்மா. அவர் தட்டச்சு நின்றது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. "வீட்டுல சண்டை முத்துறப்ப ஒருத்தர் மட்டும் எழுந்து வெளிய போயிடுவாங்க இல்லீங்களா? அவங்கதான் ஃபியூஸ். அவங்க போகலைன்னா வீடே எரிஞ்சுடும்."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சித்தி தண்ணீரைக் குடித்து முடித்து, எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டுக் கீழே இறங்கினார். படிக்கட்டின் திருப்பத்தில் சுவரோடு சாய்ந்து நின்றோம். கொஞ்ச நேரத்தில் அந்த ஃபியூஸ் அம்மா காலித் தண்ணீர் பாட்டிலோடு இறங்கி வந்தார். எங்களைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"தேங்கழுத்தம்," என்றார் சித்தி.

அந்த அம்மா பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "ஒரு முழுப் பக்கம் இருந்துதுங்க. சிவப்புக் கட்டம் போட்டு. சுவிட்சை நிறுத்திட்டு, பின்னாடி வால்வைத் திறந்து அழுத்தத்தை வெளிய விட்டாத்தான் கையை உள்ள விடணும்னு. மெஷின் கம்பெனிக்காரர் வந்து என் பக்கத்துலயே உட்கார்ந்து எடுக்கச் சொன்னார். அட்டை சிக்குறப்பல்லாம் நின்னு காத்திருக்கணும்னா எவன் வாங்குவான்னு கேட்டார்."

"சட்டை மடிப்பு இப்படி நிக்குமா அவருக்கு?" என்றேன்.

தலையாட்டினார்.

"பக்கத்தை எடுத்தீங்க. பின்னாடி இருந்த வார்த்தையை எடுக்க மறந்துட்டீங்க," என்றார் சித்தி.

"மறக்கலீங்க." பாட்டில் மூடியைத் திருகினார். "விட்டு வெச்சேன். சொல் விளக்கத்தை அவங்க யாரும் படிக்க மாட்டாங்கன்னு தெரியும். மெஷின் ஓட்டுற யாராவது படிச்சு, இது என்னடான்னு கேட்பாங்கன்னு நினைச்சேன்."

எனக்கு ஒரு நொடி அந்த அம்மாவின் மேல் மரியாதை வந்தது. அடுத்த நொடி கோபம் வந்தது. சித்திக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

"உள்ள ஒரு வார்த்தை புரியலைன்னாத்தானேம்மா ஒருத்தர் பின்னாடி தேடி வருவாங்க? வீட்டை மட்டும் நிக்க வெச்சுட்டு, வர்ற வழியை அடைச்சிட்டீங்க. ஒரு பையனோட கை நசுங்கிப் போச்சு."

"தெரியும். பேப்பர்ல பார்த்ததுலேர்ந்து சோறு இறங்கலீங்க."

"வந்து இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்வீங்களா?"

அவர் மாடியைப் பார்த்தார். "என் வீட்டுக்காரருக்கு உடம்பு முடியாது. இந்த வேலையும் போயிட்டா..." என்று அழ ஆரம்பித்தார்.

சித்தி வற்புறுத்தவில்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. "சித்தி, இவங்க வரலைன்னா நம்ம கையில என்ன இருக்கு? வெறும் காத்து!"

"சும்மா இருடா. அம்மா, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அழுத்தம் வெளிய போச்சுன்னு எப்படித் தெரியும்?"

"சின்னச் சக்கரத்தைத் திறந்தா உள்ள எண்ணெய் ஓடுற சத்தம் கேட்கும். சத்தம் நின்னுட்டா பயமில்லை."

*

இன்ஸ்பெக்டர் இரண்டு கான்ஸ்டபிள்களோடு எங்களுக்கு முன்பே வந்துவிட்டார். ஸ்பேனர் அக்கா மெஷின் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். காகிதத்தில் இன்னும் கையெழுத்து விழவில்லை.

"மேடம், அஞ்சு நிமிஷம்தான். அப்புறம் இவங்களைக் கூட்டிட்டுப் போயிடுவேன்," என்றார் இன்ஸ்பெக்டர்.

"மெஷின் எப்படி ஓடுதுன்னு ஒரு தடவை பார்த்துடலாமே," என்றார் சித்தி.

மேனேஜர் ஓட்டிக் காட்டினார். பச்சை லைட் எரிந்தது. பிளேட் இறங்கியது, மலைபோல் கிடந்த அட்டைகள் முனகிக்கொண்டே மெத்தை உயரத்துக்கு வந்தன. பிளேட் மேலே போனது. சிவப்பு சுவிட்சை இறக்கினார். லைட் அணைந்தது. எல்லோர் கண்ணும் மேனேஜர் மேல் இருந்தபோது சித்தி என் காதோடு சொன்னார். "பின்னாடி போ. சின்னச் சக்கரத்தைத் திறந்துட்டு வா. ஒருத்தருக்கும் தெரியக் கூடாது."

நான் காலணி நாடாவைக் கட்டுவது போலக் குனிந்து மெஷினின் பின்பக்கம் போனேன். சக்கரம் இருந்தது. என் உள்ளங்கை அளவு. எந்தப் பக்கம் திறக்கும் என்று காட்டும் அம்புக்குறி எப்போதோ தேய்ந்து போயிருந்தது. இடமா, வலமா? தப்பாகத் திருகினால் இன்னும் இறுகிவிடும். வியர்வை கண்ணுக்குள் இறங்கியது.

அப்போதுதான் அந்த வரி நினைவுக்கு வந்தது. வீட்டுத் தண்ணீர்க் குழாயை எந்தப் பக்கம் திருகினால் திறக்குமோ, அதே பக்கம். கண்ணை மூடிக்கொண்டு எங்கள் வீட்டுக் குளியலறைக்குப் போனேன். வாளியை வைத்தேன். குழாயைத் திறந்தேன். என் கை தானாக இடது பக்கம் திரும்பியது. சக்கரமும் திரும்பியது.

ஆனால் சத்தம் கேட்கவில்லை. பக்கத்தில் அட்டை கிழிக்கும் இன்னொரு மெஷின் காது கிழிய ஓடிக்கொண்டிருந்தது. குழாயின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். உள்ளே என்னவோ நடுங்கியது. பிறகு நின்றது. எண்ணெய் நின்றதா, என் கை மரத்துவிட்டதா என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

திரும்பி வந்தேன். சித்தி பார்த்தார். நான் தலையாட்டினேன். மனதில் இருந்ததை விட நிறைய தைரியத்தோடு ஆட்டிவிட்டேன்.

"சார்," என்று சித்தி இஸ்திரியிடம் திரும்பினார். "சுவிட்சை நிறுத்திட்டா இது வெறும் இரும்புன்னு சொன்னீங்க. இப்ப நிறுத்தியாச்சு. கையை உள்ள வையுங்க. புத்தகத்துல போட்டிருக்கிற மாதிரி நான் லீவரை மேல தள்றேன்."

"எனக்கென்னங்க அவசியம்?" என்று சிரித்தார் இஸ்திரி. அந்தச் சிரிப்பு காலையில் பார்த்த சிரிப்பில்லை. "நான் படிச்சவன், இந்த மாதிரி வித்தைக்கெல்லாம்..."

"நான் வைக்கிறேன்."

எல்லோரும் திரும்பினோம். பேசியது மேனேஜர். முழுக்கைச் சட்டையை மடித்துக்கொண்டிருந்தார். "இந்தப் புக்கை நம்பித்தான் என் ஆளுங்களை இதுகிட்ட நிக்க வெச்சேன். எனக்குச் சந்தேகம் இருந்தா அவங்களை நிக்க வெச்சிருக்கக் கூடாது. தள்ளுங்க மேடம். இன்னியோட இந்தப் பேச்சு முடியட்டும்."

தோள்வரை கையை உள்ளே விட்டார். இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. அந்த மனிதரை வில்லன் என்று முடிவு கட்டி, அவர் பேனாவை வேறு திருடி வைத்திருந்தேன்.

"சார், வேணாம்! கையை எடுங்க!" என்று ஸ்பேனர் அக்கா பாய்ந்தார். கான்ஸ்டபிள் அவரைப் பிடித்துக்கொண்டார். "அம்மா, லீவரைத் தொடாதீங்க! உங்க காலைப் பிடிச்சுக் கேட்கிறேன்!"

சித்தி லீவரில் கை வைத்தார். எங்கள் வீட்டுக் குழாய் இடது பக்கம்தான் திறக்குமா? அம்மா சொல்லி அதைக் கழற்றி மாட்டியவன் நான்தானே, தலைகீழாக மாட்டித் தொலைத்திருந்தால்? "சித்தி..." என்றேன். குரல் வெளியே வரவில்லை. லீவர் மெதுவாக நகர ஆரம்பித்தது.

"தொடாதே! தள்ளாதே!"

இஸ்திரி மேனேஜரின் இடுப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது. "பிரஷர் உள்ளயே நிக்குதுய்யா! பின்னாடி வால்வைத் திறக்காம லீவரைத் தள்ளினா பிளேட் அப்படியே..."

அவர் நிறுத்திக்கொண்டார். ஆனால் வர வேண்டியதெல்லாம் வந்துவிட்டது. அட்டை கிழிக்கும் மெஷினையும் யாரோ நிறுத்தியிருந்தார்கள்.

"எந்தப் பிரஷர்?" என்றார் சித்தி மிக நிதானமாக. "இந்த மெஷின்ல அந்த சமாசாரமே கிடையாதுன்னு காலையில சொன்னீங்களே."

சொல்லிக்கொண்டே லீவரைக் கடைசிவரை தள்ளினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் நடக்கவில்லை. பிளேட் இருந்த இடத்திலேயே இருந்தது.

"என் ஆள் முன்னாடியே வால்வைத் திறந்துட்டான். ஆனா அது உங்களுக்குத் தெரியாதே," என்றார் இஸ்திரியிடம்.

இன்ஸ்பெக்டர் நம்பிக்கை இல்லாதவர். அது அவர் தொழில். வால்வை மூடி, மெஷினை மறுபடி ஓட்டி, சுவிட்சை நிறுத்தி, மேனேஜர் கை இருந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளியை வைக்கச் சொன்னார். லைட் அணைந்திருந்தது. லீவரை அவரே தள்ளினார். பிளேட் விழுந்த வேகத்தில் வாளி தட்டாகிவிட்டது. அவர் தன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

மேனேஜர் நேராகப் போய் இஸ்திரியின் சட்டைக் காலரைப் பிடித்தார். அந்தச் சட்டை அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கசங்கியிருக்கும். பிரித்துவிட இரண்டு கான்ஸ்டபிள்களும் தேவைப்பட்டார்கள்.

ஸ்பேனர் அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார். "நான் நிறுத்தினேன். நான் நிறுத்தித்தான் இருந்தேன்," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். இந்த இரண்டு நாளில் அவருக்கே தன் மேல் சந்தேகம் வந்துவிட்டது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. சித்தி பக்கத்தில் உட்கார்ந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். மேனேஜர் அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு முதலாளிக்குப் போன் போட்டார். "நாளைக் காலையில ஆபரேஷன். பெரிய ஆஸ்பத்திரியிலதான். கையெழுத்தும் கிடையாது, ஒண்ணும் கிடையாது," என்று அவர் கத்தியது வாசல்வரை கேட்டது. நான் பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன்.

*

ஆஸ்பத்திரி வார்டு வாசலில் தம்பியின் மனைவி நின்றுகொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் கதவின் குறுக்கே கையை வைத்தாள்.

"அந்தம்மா உள்ள வரக் கூடாது."

ஸ்பேனர் அக்கா பத்தடி தள்ளியே நின்றுவிட்டார். சித்தி இன்ஸ்பெக்டர் எழுதியதையெல்லாம் சொல்லிப் பார்த்தார். அழுத்தம், கலன், வால்வு. அவள் முகத்தில் எதுவும் ஏறவில்லை. "ஆயிரம் சொல்லுங்க. லீவரைத் தள்ளினது அவங்கதானே?" என்றாள்.

நான் முன்னால் போனேன். "வீட்டுல குக்கர் வெச்சு சமைப்பீங்களாம்மா?"

"அதுக்கென்ன இப்ப?"

"அடுப்பை அணைச்ச உடனே மூடியைத் திறப்பீங்களா?"

"எப்படித் திறக்கிறது? உள்ள ஆவி இருக்கும்ல, மூஞ்சியில அடிச்சிடாது?"

"உங்களுக்கு அது தெரியும், யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க. இந்த மெஷினுக்குள்ளயும் அதே மாதிரி அழுத்தம் நிக்கும். வித்தவனுக்குத் தெரியும். தெரிஞ்சே புத்தகத்துலேர்ந்து அந்தப் பக்கத்தைப் பிடுங்கிட்டான். அக்கா அடுப்பை அணைச்சுட்டுத்தாம்மா திறந்தாங்க."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்தாள். கதவின் மேல் இருந்த கை மெதுவாக இறங்கியது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்பத்தான் கண்ணு முழிச்சார். முழிச்சதும் உங்களைத்தான் கேட்டார். நான்தான் பதில் சொல்லல," என்றாள். "உள்ள போங்க, அண்ணி."

ஸ்பேனர் அக்கா உள்ளே போனார். கதவு முழுதாக மூடவில்லை. கட்டிலில் பெரிய கட்டோடு படுத்திருந்த தம்பி தலையைத் திருப்பினான். அக்கா வாயைத் திறப்பதற்குள் அவனே பேசிவிட்டான்.

"லைட் அணைஞ்சுதுக்கா. நான் பார்த்துட்டுத்தான் கையை விட்டேன்."

உள்ளே இருந்து அழுகைச் சத்தம் வந்தது. தம்பியின் மனைவி கதவைச் சாத்திவிட்டு எங்களோடு பெஞ்சில் உட்கார்ந்தாள். எனக்கும் கண்ணில் என்னவோ விழுந்துவிட்டது.

"பரவாயில்லையேடா, நல்லா விளக்கினே," என்றார் சித்தி.

"நான் எங்க விளக்கினேன்? அந்த ஃபியூஸ் அம்மா எழுதினதுதான், மேடம்."

சித்தி என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "அவங்க எழுதினது போய்ச் சேர்ந்துடுச்சுன்னு அவங்ககிட்ட சொல்லிடணும்," என்று கைப்பையிலிருந்து போனை எடுத்து அந்த டயர் கடை மாடியின் எண்ணைத் தேட ஆரம்பித்தார்.